பத்து மணி நேர ஓய்வு

— நான் கூப்பிடுறது அப்பாவுக்குத் தெரியாதும்மா. அவர் தூங்கிட்டார். குறட்டை கேக்கலையா?

— ஃபோன்லயே கேக்குது. நீ ஏன் தூங்கல? நாளைக்குப் பரீட்சை இல்ல?

— அது நாளன்னிக்கு... அம்மா, உன்னை எழுப்பிட்டேனா?

— எங்க தூங்க? இந்த ஹோட்டல் ரூம்ல ரெண்டு கர்ட்டனுக்கும் நடுவுல ஒரு விரல் சந்து. எதிர்க்க விளம்பரப் பலகை, பச்சையும் சிவப்புமா கண்ணுல அடிக்குது. இப்பதான் பேன்ட் மாட்டுற ஹேங்கர் கிளிப்பை வெச்சு ரெண்டையும் கவ்வ வெச்சேன்.

— பைலட் புத்தி!

— இருபது வருஷ சர்வீஸ்ல உருப்படியா கத்துக்கிட்டது அது ஒண்ணுதான். ஆமா, ஓய்வுல இருக்கிற பைலட்டைக் கூப்பிட்டா ஓய்வை மறுபடி முதல்லேருந்து எண்ணணும், தெரியுமா?

— அது கம்பெனி கூப்பிட்டாத்தான். பெத்த பொண்ணு கூப்பிட்டா இல்ல.

— பார்ரா, சட்டம் பேசுறா. எங்க படிச்ச?

— ஒப்பந்தத்துல.

— எந்த ஒப்பந்தம்?

— இன்னிக்கு நீங்கள்லாம் கம்பெனியோட புது ஒப்பந்தத்துக்கு ஓட்டு போடுறீங்களே, அதான். டைனிங் டேபிள்ல வெச்சுட்டுப் போனியே. மொத்தமும் படிச்சேன்.

— மொத்தமுமா? அடிப்பாவி! எங்க பைலட்டுங்கள்ல பாதிப் பேர் சம்பளப் பக்கத்தைத் தாண்டலடி.

— நான் தாண்டிட்டேன்மா.

— குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

— ஒண்ணுமில்ல... சாயங்காலம் உன் கோ-பைலட் அண்ணா வீட்டுலேருந்து அந்த அண்ணி ஃபோன் பண்ணாங்க. அப்பாகிட்ட அரை மணி நேரம் பேசினாங்க. பாதிதான் என் காதுல விழுந்துச்சு. ஒப்பந்தம் தோத்தா ஸ்ட்ரைக் வரும், கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு... அழுதாங்கம்மா.

— ம்... அவகிட்ட காலைல நான் பேசுறேன்.

— தோத்துடுமா?

— மத்தியானம் வரைக்கும் பாதிக்குப் பாதி நின்னுச்சு. நாலஞ்சு ஓட்டுல இப்படியும் போகும், அப்படியும் போகும்.

— நாலஞ்சா? ஐயோ...

— அதுக்கு நீ ஏன்டி அலறுற?

— நீதானேம்மா அதைப் பேசி வாங்கினது?

— நான் மட்டுமா? சங்கத்துலேருந்து அஞ்சு பேர் போனோம். நாலு மாசம். ஜன்னல் இல்லாத ரூம், ஆறிப்போன காபி. எதிர்ல டை கட்டின ஏழு பேர். ஒருத்தராவது ராத்திரி ரெண்டு மணியைக் கண்ணால பார்த்த மூஞ்சியா? ம்ஹூம். ஆனா சம்பளத்தை ஏத்தினாங்க, லீவைக் கூட்டினாங்க. கடைசியில 'எல்லாரும் ஏத்துக்குங்க'ன்னு எழுதி அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

— உன்னோடதுதான் மொதல்ல இருக்கு.

— இருக்கிறதுல கிழவி நான்தான். என்ன பண்றது.

— அம்மா... ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?

— திட்டுவேன். சொல்லு.

— அப்ப சொல்லல.

— சரி, மெதுவா திட்டுறேன். சொல்லு.

— மத்தியானம் நோட்ஸ் பிரின்ட் எடுக்க உன் கம்ப்யூட்டரைத் திறந்தேனா... உன் மெயில் திறந்தே கிடந்துச்சு. சங்கத்துலேருந்து வந்த மெயில். ஓட்டு போடுற நம்பர் அதுல...

— ம்.

— அதை அடிச்சேன். உள்ள விட்டுடுச்சு. 'ஏற்கிறேன்', 'ஏற்கவில்லை'ன்னு ரெண்டு கட்டம்...

— ம்.

— ஏற்கலைன்னு போட்டுட்டேன்மா. உன் பேர்ல.

— நீயாடி?

— ஆமாம்மா. திட்டிடும்மா. பயமா இருக்கு.

— எதுக்குடி அப்படிப் பண்ண?

— முப்பத்தியொண்ணாம் பக்கம்.

— அதுல என்ன?

— தெரியாத மாதிரி கேக்காத! இப்ப ஒரு ராத்திரி ஃப்ளைட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பன்னெண்டு மணி நேரம் ஓய்வு. இனிமே பத்துதான். அதுலயும் பஸ்ஸுக்குக் காத்திருக்கணும், ரூம் சாவிக்கு நிக்கணும், குளிக்கணும், சாப்பிடணும், மறுபடி யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு முன்னாடியே போய் நிக்கணும். தூங்கறதுக்கு அஞ்சரை மணி நேரம் தேறுமா?

— பேச்சுவார்த்தைக்கு உன்னை அனுப்பியிருக்கணும்.

— விளையாடாதம்மா. போன மாசம் ஒரு நாள் விடிகாலைல... கார் வந்த சத்தம் கேட்டுச்சு. நீ மேல வரவே இல்ல. இறங்கி வந்து பார்த்தா, பெல்ட்டைக்கூட கழட்டாம ஸ்டீயரிங் மேல சாஞ்சு கிடக்குற. மழையே இல்ல, வைப்பர் மட்டும் ஓடிட்டிருக்கு. கண்ணாடியைத் தட்டினேன். அசையல. நீ... நீ போயிட்டன்னே நினைச்சேன்.

— ஐயோ, கண்ணு...

— அப்புறம் மூச்சு விடுறது தெரிஞ்சுது. எழுப்ப மனசு வரல. படிக்கட்டுல உக்காந்துக்கிட்டேன். நாப்பது நிமிஷம். நீ அசைஞ்சதும் மேல ஓடிப்போய்ப் படுத்துட்டேன்.

— சொல்லவே இல்லையேடி.

— நீ மட்டும் சொன்னியா? 'லேண்ட் ஆகவே லேட்டு'ன்னு அப்பாகிட்ட கதை விட்டியே.

— ... ஆமா. விட்டேன்.

— அதான் போட்டேன். ஆனா அந்த அண்ணி அழுததைக் கேட்டதுலேருந்து... ஒரு ஓட்டுல தோத்துச்சுன்னா என்னாலதானே? உன்னை வேலையை விட்டுத் தூக்குவாங்களா? போலீஸ் வருமா?

— வந்தா உங்க அப்பா குறட்டையைக் கேட்டுட்டு திரும்பி ஓடிடும்.

— அம்மா!

— சரி, சரி. அழாத. மூக்கைத் துடை. தலகாணி உறையில இல்ல.

— எப்படித் தெரியும்?

— பதினாறு வருஷமா அந்த உறையைத் துவைக்கிறவளுக்குத் தெரியாதா? இங்க பாரு. நீ பண்ணது தப்பு. அம்மாவோட ஓட்டா இருந்தாலும் அது அடுத்தவங்க ஓட்டு. தொடக் கூடாது.

— தெரியும்மா. இனிமே மாத்தவே முடியாதா?

— முடியும். பன்னெண்டு மணி வரைக்கும் எத்தனை தடவை வேணா மாத்தலாம். கடைசியா போட்டதுதான் செல்லும்.

— நெஜமாவா? இன்னும் இருபது நிமிஷம் இருக்கே! அழிச்சுடும்மா. உனக்கு எது சரின்னு படுதோ அதைப் போடு.

— ஏற்கிறேன்னு போட்டா?

— ... போட்டுக்கோ. ஆனா ராத்திரி ஃப்ளைட் முடிஞ்சு நீ கார் ஓட்டக் கூடாது. எத்தனை மணியானாலும் நானும் அப்பாவும் வந்து கூட்டிட்டு வரோம்.

— அது காருக்கு. விமானத்துக்கு யாரைக் கூப்பிடுறது?

— அதான் கோ-பைலட் அண்ணா இருக்காரே. நீ அசந்தாலும் அவர் முழிச்சிட்டிருப்பார்.

— நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்... கேளு. நீ ஓட்டு போட்டதும், 'ஏற்கவில்லை'ன்னு பதிவாயிடுச்சுன்னு என் ஃபோனுக்கு ரசீது வந்துடுச்சு.

— என்னது! தெரிஞ்சுமா இவ்வளவு நேரம்...

— யாருன்னு தெரியாது. உங்க அப்பா வேலைன்னு நினைச்சு மனசுக்குள்ள அவரைத்தான் வறுத்துட்டிருந்தேன். கோவத்துல 'ஏற்கிறேன்'னு மாத்தப் போனேன். விரல் கட்டத்து மேலயே இருக்கு, அமுக்க வரல. நீ கார்ல பார்த்தியே, அன்னிக்கு ராத்திரி... மேகத்துக்கு மேல நான் கண்ணைத் திறக்கிறேன். பக்கத்துல அவனும் தூங்கிட்டிருக்கான்.

— ரெண்டு பேருமா?

— ரெண்டு பேரும். எத்தனை நிமிஷம்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பின்னாடி நூத்தியெழுபது பேர். நாங்க யார்கிட்டயும் மூச்சு விடல.

— அம்மா... இப்ப என்ன பண்ணப் போற?

— பண்ணியாச்சு. கட்டத்தை மாத்தாம மூடி வெச்சுட்டு அவனைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம். அப்புறம் நடந்ததை நடந்தபடி எழுதி, ரெண்டு பேர் பேரையும் போட்டு, எல்லா பைலட்டுக்கும் அனுப்பிட்டேன். என் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கிறேன், மறுபடி உக்காந்து பேசலாம்னு. அதுக்கப்புறம் நான் போட்டதும் நீ போட்ட அதே கட்டம்தான். ஆனா என் கையால போட்டேன்.

— ஐயோ, கம்பெனி சும்மா விடுமா?

— விசாரிப்பாங்க. விசாரிக்கட்டும். அவன் பொண்டாட்டி அழுததும் அதுக்குத்தான், அந்தப் பாதிதான் உன் காதுல விழல. ஆனா பேரைப் போடுன்னு சொன்னதே அவன்தான்.

— எல்லாரும் உன்னைத் திட்டி எழுதியிருப்பாங்களேம்மா...

— ரெண்டு பேர் திட்டினாங்க. மத்த பதிலையெல்லாம்தான் படுக்காம படிச்சிட்டிருக்கேன். அறுபதுக்கு மேல வந்திருக்கு, இன்னும் வந்துட்டே இருக்கு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லி வெச்ச மாதிரி எல்லாம் ஒரே வரியிலதான்டி ஆரம்பிக்குது: 'நானும்தான், கேப்டன்.'