ஸ்டியரிங் பூட்டவில்லை, பாரமானது

பெயர் கஜாலினி சுஜந்தன். வயது நாற்பத்தொன்று. மதம் சைவம். தொழில் கணித ஆசிரியை. வதிவிடம் வத்தேகம, கோவில் வீதி. சொந்த இடம் சுன்னாகம். தமிழில் வாக்குமூலம் அளிக்க விரும்புவதாகத் தெரிவித்ததால் பெண் பொலிஸ் சார்ஜன்ட் சஞ்சீவனி இதைத் தமிழில் எழுதுகிறார்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை கடுகண்ணாவை இறக்கத்தில் எங்கள் கார் பழக்கடை ஒன்றில் மோதியது தொடர்பாக நானாகவே முன்வந்து இதைக் கூறுகிறேன். காரை ஓட்டியவர் என் கணவர் சுஜந்தன். நான் பக்கத்து ஆசனத்தில் இருந்தேன். கடைக்காரி பாலம்மாவுக்குக் கால் முறிந்தது. ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது என்று என் கணவர் முறைப்பாடு செய்ததால், அதற்கு முந்திய வாரம் காரைத் திருத்திக் கொடுத்த அக்குறணை கராஜ் உரிமையாளர் அஹ்னாப் விளக்கமறியலில் அடைக்கப்பட்டிருக்கிறார். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவில்லை. அதைச் சொல்லவே வந்தேன்.

எங்கள் கார் சிறியது. ஸ்டியரிங்கை நாம் திருப்பும்போது உள்ளே இருக்கும் மின்மோட்டர் ஒன்றும் கூடச் சேர்ந்து திருப்பும். இதைத்தான் எல்லாரும் பவர் என்கிறார்கள். கண்டி நகருக்குள் இடுக்கான இடத்தில் காரை நிறுத்த ஒரு விரல் போதும். வேகம் கூடக்கூட ஸ்டியரிங் தானாகவே சற்று இறுகிக் கொடுக்கும், அப்போது நாம்தான் நன்றாக ஓட்டுகிறோம் என்ற எண்ணமும் வந்துவிடும். ஆனால் வீதி கரடாக இருக்கிறதா, வழுக்கலாக இருக்கிறதா என்பது கைக்கு அவ்வளவாகத் தெரியாது. நான் ஓட்டப் பழகியது அப்பாவின் பழைய வானில். அதில் பவர் கிடையாது, ஒவ்வொரு குழியும் மணிக்கட்டில் வந்து இடிக்கும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த வானை ஓட்டிவிட்டு வந்தால் தோள்நோவில் சோறு பிசையவும் மனம் வராது. என் கணவர் பழகியது இந்தக் காரில்தான். உள்ளங்கையை ஸ்டியரிங்கின் மேல் பதித்து ஒற்றைக் கையால் சுழற்றுவார். பார்க்க அழகாக இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

காரைக் கராஜிலிருந்து எடுத்துவரப் போனவள் நான். அஹ்னாப் வளவுக்குள்ளேயே அதை இரு பக்கமும் திருப்பிக் காட்டினார். அதன் பின்னர், “லொக்குல சின்னச் சத்தமொண்டு ஈக்கிது மிஸ், அது பரவாயில்ல. பற்றரிதான் மோசம், கட்டாயம் மாத்துங்க. இல்லாட்டி பவர் போகும். மஞ்சள் லைட் பத்தினா பயப்பட வாணாம், ரெண்டு கையாலயும் இழுங்க, திரும்பும்” என்றார். அதன் பின்னர் நான் வீட்டுக்கு வந்து இதை அப்படியே கணவரிடம் கூறினேன். அவர் கைபேசியைப் பார்த்தபடி, “ஓம், ஓம், மாத்துவம்” என்றார். மாற்றவில்லை.

ஞாயிறு காலை மாவனல்லையில் ஒரு திருமணத்துக்குப் புறப்பட்டோம். கடுகண்ணாவையைத் தாண்டி இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வைப்பர், முன்விளக்கு, ஏசி எல்லாம் மாற்றாத அந்தப் பற்றரியில் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. இடப்பக்க வளைவொன்றில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. கணவரின் உள்ளங்கை ஸ்டியரிங்கின் மேல் வழுக்கியது, ஸ்டியரிங் நகரவில்லை. அவர் “லொக் ஆயிட்டுது, லொக் ஆயிட்டுது” என்று கத்தியபடி பிரேக்கை மிதித்தார். கார் வேகம் குறைந்தாலும் வளையாமல் வீதியின் மறுபக்கத்துக் கடையை நோக்கி நேரே போனது. பாலம்மா கையில் ரம்புட்டான் கொத்துடன் எழுந்து நின்றார். அவர் ஓடவில்லை. கார் எப்படியும் திரும்பிவிடும் என்றுதான் நினைத்திருப்பார்.

அதன் பின்னர் நான் சரிந்து ஸ்டியரிங்கின் மேற்புறத்தை இரு கைகளாலும் பற்றி என் பக்கம் இழுத்தேன். நிறைந்த வாளியைக் கிணற்றிலிருந்து இழுப்பது போலப் பாரமாக இருந்தது, ஆனால் வந்தது. கணவர் “கையை எடும்!” என்றார். நான் எடுக்கவில்லை. கார் இடப்பக்கம் திரும்பியது. அதன் முன்மூலை கடையின் கம்பத்தில் பட்டு, பலகைத் தட்டு பாலம்மாவின் காலில் விழுந்தது. கார் நின்றது. பூட்டியிருந்தால் அது என் கைக்கும் திரும்பியிராது. பின்னர் காரை மறுபடி ஸ்டார்ட் செய்தபோது பவர் வந்திருந்தது. வாகனப் பரிசோதகர் பார்த்தபோதும் ஒரு விரலுக்குத் திரும்பியது.

நேற்று அஹ்னாபின் மனைவி அஸீமா என் பாடசாலை வாசலுக்கு வந்தார். அவர் அழவில்லை. “லொக்குல சத்தம் ஈக்கிது எண்டு முன்னுக்கே சென்னன் எண்டு அவரே பொலிசுல செல்லிட்டாராம் மிஸ். லொக்கு எண்டா என்னெண்டு அங்க ஒருத்தருக்கும் வெளங்கல்ல” என்றார். பூட்டிக்கொள்ளும் கோளாறு இருப்பது தெரிந்தும் காரைக் கொடுத்தார் என்று அந்தப் பேச்சு பதியப்பட்டிருக்கிறது. கராஜ்காரர்களின் லொக் பூட்டு அல்ல. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனால் இனித் திரும்பாது என்று ஒரு கடைசி வரும், அந்தக் கடைசிக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. வீட்டு வாசலில் காரைத் திருப்பும்போது அதுவரை போவோம். மலைப்பாதை வளைவில் போவதில்லை. இதைச் சொன்னபோது சார்ஜன்ட் முதலில் ‘பூட்டுச் சத்தம்’ என்று எழுதினார். வெட்டி எழுதும்படி கேட்டேன். வெட்டிய இடத்தில் சிற்றொப்பம் இட்டுள்ளேன்.

அன்று வீதியில் நின்று என் கணவர் சொன்னதைப் பொய் என்று பதிய வேண்டாம். பாரத்தையே அறியாத கைக்குப் பாரம் பூட்டாகத்தான் பட்டிருக்கும். அவர் அதை மனதார நம்பினார். அஸீமா வந்துபோன அன்று மாலை நான் எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினேன். அவருக்கு விளங்கியது. அவர் மருந்துக் கம்பனியொன்றின் விற்பனைப் பிரதிநிதி, ஊர் ஊராகக் கார் ஓட்டிப் போகாமல் அந்த வேலை இல்லை. “லைசன் போனா என்ர வேலையும் போச்சு. நீர் சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது” என்றார். விளங்கிய பிறகும் முறைப்பாட்டை அவர் மாற்றவில்லை. அதற்கு என்ன பெயர் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இரக்கமும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

இன்று என்னை இங்கே கூட்டி வந்தவர் என் கணவர்தான். தனக்குச் சாதகமாகப் பேசவே வந்திருக்கிறேன் என்று நினைத்து, இந்தக் கதவுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். அப்படி இல்லை என்று வழியில் அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று கூறிய சார்ஜன்ட், கதவைச் சாத்துவதற்கு எழுந்தார். சாத்த வேண்டாம் என்றேன். சத்தமாக வாசிக்கும்படி கேட்டேன். முதல் வரி தொடக்கம் அவ்வாறே வாசிக்கப்பட்டது. நான் சொன்னதற்கு மேல் எதுவும் கூடவுமில்லை, குறையவுமில்லை எனக் கேட்டறிந்து, கதவு திறந்திருக்க ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) கஜாலினி சுஜந்தன்