கிடாரத்தில் பூட்டாத பைப்

பெயர்: மரியான் அருளப்பு. வயது: 43. தொழில்: ஒனிஹங்காவில் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் பட்டறையில் பொருத்துநர். விலாசம்: சுவான்சன் வீதி, ரானுயி, ஓக்லாந்து. 1996 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை நான் தமிழில் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அம்புஜம் உடனிருக்க, பொலிஸ் வாக்குமூலமாக எழுதப்பட்டது.

பாஸ்கரன் என் தங்கை ஸ்ரெல்லாவின் கணவர். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார்கள். அவர் வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு ஐம்பது லீற்றர் கிடாரம் ஒன்று வாங்கி, அடியில் ஓட்டை போட்டுப் பைப் வைத்துத் தரும்படி கேட்டார். எங்கள் ஆட்கள் திறந்து மூடுகிற எதையும் பைப் என்றுதான் சொல்வது. கழற்றிக் கழுவக்கூடிய ஸ்ரீல் வால்வு, சூடு தாங்கும் சிலிக்கன் வளையம், உள்ளே இறுக்க ஒரு நட், இவ்வளவும் வாங்கச் சொல்லிக் கடதாசியில் எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு 15ஆம் திகதி சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணியளவில் அவருடைய கராஜுக்குப் போய் ஓட்டை போட்டேன். அதன் பிறகு அவர் ஒரு பாண் பையைக் கொண்டுவந்தார். அதற்குள் ஒரு பழைய பித்தளை வால்வும், நட்டும், தோட்டக்குழாயின் ரப்பர் வளையமும் இருந்தன. இடித்துக்கொண்டிருக்கிற ஒரு மாட்டுக் கொட்டிலில், பால் கறக்கிற இடத்தில் சும்மா கிடந்தது என்றார். அளவு பார்ப்பதற்காக வால்வை ஓட்டையில் விட்டு, உள்ளே நட்டை விரலால் மட்டும் சுற்றினேன். அதன் பிறகு கைபிடியைத் திருப்பினேன். உள்ளே இருந்து சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக ஒன்று என் விரலில் வழிந்தது. பழைய பால் நாற்றம். அதில் மாட்டு மயிரும் இருந்தது.

பாஸ்கரன் சிரித்தார். "கொதிக்கேக்க எல்லாம் செத்திடும், மச்சான்" என்றார்.

எழுதித் தந்ததை வாங்கும் வரைக்கும் இதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வெளியே போய் மூன்று தரம் கை கழுவினேன். அதன் பிறகு கராஜ் வாசலில் நின்று, "பைப் இன்னும் பூட்டேல்லை" என்று சொன்னேன். அவர் "ஓம், ஓம்" என்றார். வால்வை ஓட்டையிலேயே விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன். ஸ்பனர் என் பொக்கற்றில்தான் இருந்தது.

பிறகு நடந்ததை என் தங்கை சொல்லித்தான் அறிந்தேன். பாஸ்கரன் கைபிடியை மூடிய பக்கம் திருப்பிவிட்டு, தண்ணீரும் பியருக்கான மோல்ற் பாகும் ஊற்றி காஸ் பற்றவைத்தார். கொதித்த பிறகு அடியில் சொட்டத் தொடங்கியது. அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. கையில் பியர் ரின். "ஸ்ரெல்லா, பைப்பை வடிவாப் பூட்டு" என்று சொல்லியிருக்கிறார். அவள் கைபிடியைப் பிடித்துத் திருகியபோது வால்வு முழுவதுமாகச் சுற்றிக் கையோடு வந்துவிட்டது. கொதித்ததெல்லாம் முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் ஊற்றியது.

இந்த இடத்தில், எங்கள் ஊர்த் தமிழ் பேசாத அம்புஜம், "பைப்புக்கு யாராச்சும் பூட்டு போடுவாங்களா சார்?" என்று கேட்டார். எங்கள் தமிழில் பூட்டுவது என்றால் பொருத்தி இறுக்குவது. மூடுவதும் அதுதான். நான் முதலாவதைச் சொன்னேன். பாஸ்கரன், கைபிடியை மூடினால் போதும் என்று நான் சொன்னதாகப் பொலிஸில் சொல்லியிருக்கிறார். அந்த மனிதரை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கொட்டில் ஊத்தையைக் குடிக்கிற பாத்திரத்தில் வைக்கப் பார்த்தவர், கொதிக்கிற கிடாரத்துக்குப் பெண்சாதியை அனுப்பிவிட்டுக் கதிரையில் இருந்தவர்.

ஆனால் என் வீட்டிலும் பிள்ளைகளிடம் பைப்பைப் பூட்டு என்றால் மூடு என்றுதான் அர்த்தம். அது எனக்குத் தெரியும். அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு வர இரண்டு நிமிடம் போதும். கழுவின கையால் திரும்ப அதைத் தொட மனம் வரவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் ஸ்ரெல்லாவைப் பார்த்தேன். இரண்டு காலிலும் கட்டு. அவள் பாஸ்கரனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணா பூட்டின பைப் எண்டுதானே நான் பயப்பிடாமல் பிடிச்சனான்" என்றாள்.

ஆங்கிலத்தில் எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். வாசலில் நின்று நான் சொன்னது "மூடவில்லை" என்று எழுதப்பட்டிருந்தது. அதை வெட்டி "இறுக்கவில்லை" என்று எழுதச் சொன்னேன். இறுக்காதவர் யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். அதையும் எழுதச் சொன்னேன். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. இதில் உள்ளதெல்லாம் நடந்தபடியே.

(ஒப்பம்) ம. அருளப்பு