விரலால் படிக்கிற சாமி

"சீட்டை உருட்டிக் குழலுக்குள்ள சொருகிட்டீங்களே பெரியப்பா, இனிமே சாமி எப்படிப் படிக்கும்?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் மாரியம்மன் கோவிலில் பிரேம்நாத் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவனுக்கு அப்போது ஏழு வயது. தீமிதிக்கு யார் கரகம் எடுப்பது என்று திருவுளச்சீட்டுப் போடும் நாள். எப்போதும் போல ஸ்ட்ராவை விரற்கடை நீளத்துக்கு வெட்டி, பெயர் எழுதிய சீட்டுகளை அதற்குள் வைத்து, பித்தளைச் சொம்பில் போட்டுக்கொண்டிருந்தேன். சீட்டு எடுக்கக் குழந்தையைத்தானே விடுவோம்? அந்த வருஷம் அவன்தான் குழந்தை.

"சாமிக்குக் கண்ணு வேணாம்டா. விரலாலேயே படிச்சிடும்," என்றேன். அவன் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொம்புக்குள் கையை விட்டான்.

அய்யாசாமி அண்ணே, வார்டு அலுவலகத்திலிருந்து உங்களுக்குக் கடிதம் வந்திருப்பதாகச் சொல்லி, நான் இதுவரை பார்த்த வேலை எப்படிப்பட்டது என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். வலது கண்ணில் புரை விழுந்ததால் என்னை விட்டுவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து நீங்கள் உட்கார வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். சோர்வாக இருக்கிறது, ஆனாலும் ஒருவருக்கு வழி சொல்வதும் ஒரு புண்ணியம்தான்.

கடிதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பர்மா ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்தபின் நம் வார்டிலிருந்து மாதம் ஒரு பெயர் எடுக்கிறார்கள். அது நியாயமாக நடக்கிறது என்பதற்கு ஐந்து பெரியவர்கள் சாட்சியாக உட்கார வேண்டும். காலை எட்டு மணி என்று போட்டிருக்கும். பத்துக்கு முன்னால் ஒன்றும் நடக்காது. பிளாஸ்டிக் நாற்காலி, முதுகு வலி இருந்தால் சின்னத் தலையணை ஒன்று கொண்டுபோங்கள். கரண்ட் இருக்காது, விசிறி எடுத்துக்கொள்ளுங்கள். பால் டீ தருவார்கள், அதில் ஏடு படியும்வரை யாரும் தொட மாட்டார்கள். எதிரே பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய அம்மாக்கள் வாசலில் நிற்பார்கள். உங்கள் கையையே பார்ப்பார்கள். அதுதான் களைப்பு. மூட்டை தூக்கியவன்கூட அப்படிக் களைத்துப்போக மாட்டான்.

நானும் உங்களைப் போலத் தப்பிக்கப் பார்த்தவன்தான். வார்டுத் தலைவரிடம் போய், என் மகன் கணேஷ்குமாருக்கு இருபத்திரண்டு வயது, அவன் பெயரும் என்றாவது பட்டியலில் வரும், அதனால் நான் உட்காருவது முறையாகாது என்றேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, பர்மாக்காரர் மரியாதைக்குச் சொல்லும் 'ஊ' போட்டு என்னை அழைத்துச் சிரித்தார்.

"ஊ சிவா, பிள்ளை இருக்கிறவனை எல்லாம் விட்டுட்டா இங்கே தெரு நாய்தான் வந்து உக்காரணும். உங்க மகன் பேரும் அந்தச் சொம்புல கிடக்கணும், அப்பத்தான் ஜனங்க நம்புவாங்க. உங்க கோவில்ல முப்பது வருஷம் சீட்டுப் போட்டவரு நீங்க. அந்தச் சொம்பையும் கொண்டாங்க. நெத்தியில அந்தச் சாம்பலையும் பூசிக்கிட்டு வாங்க."

அப்படித்தான் நம் கோவில் சொம்பு அங்கே போனது. பெயர்களை எழுதுவது அலுவலகக் குமாஸ்தா. குழலில் வைப்பதும் எடுப்பதும் நான். குழந்தையை விட்டு எடுக்கச் சொல்லலாமே என்றேன். இது குழந்தைகள் பார்க்கிற விஷயமில்லை என்றார் தலைவர். அவர் சொன்னதும் சரிதான்.

முதல் மாதம் அம்மனை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். உதுமான் பெயர் வந்தது. தெரு முக்கில் பலாத்தா ரொட்டி சுடுகிற கமருன்னிசாவின் ஒரே மகன். அவள் வாசலில் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மாவுக் கையோடு வந்திருந்தாள். "உங்க கையா அண்ணே எடுத்துச்சு?" என்று கேட்டாள். "உங்க கையா?"

மறுநாள் காலையில் வழக்கம்போல அவள் கடைப் பக்கமாகப் போனேன். போகாமல் இருந்தால் அது இன்னும் பெரிய பாவம் என்று பட்டது. அவள் ஒரு பலாத்தாவை வாழையிலையில் வைத்து நீட்டினாள். "நீங்க என்ன பண்ணுவீங்கண்ணே. அல்லா எழுதினது," என்றாள். அதை என்னால் விழுங்க முடியவில்லை. திட்டியிருந்தால் விழுங்கியிருப்பேன்.

அன்று முழுவதும் யோசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கையை விடுவது பக்தியா, சோம்பேறித்தனமா? கடவுள் நமக்குக் கையைக் கொடுத்தது பார்த்துச் செய்யத்தானே? மாதம் ஒருவன் போயே தீர வேண்டும். அதை நானோ நீங்களோ தடுக்க முடியாது. ஆனால் ஒருவன் போனால் எத்தனை பேர் அழுவார்கள் என்பதைக் குறைக்கலாம். துன்பம் குறைந்தால் அதுவும் தருமம்தான். பெரிய தருமம் செய்ய நமக்கு வசதியில்லை, அண்ணே. சின்னச் சின்னதாகத்தான் செய்ய முடியும்.

வழி எளிது. எப்போதும் சுருக்குப்பையில் திருநீறு வைத்திருப்பேன். அதில் ஒரு துளி தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்வேன். எந்தச் சீட்டு வர வேண்டுமோ அந்தக் குழலின் ஓரத்தில் விரலால் ஒரு தடவு. குமாஸ்தா அடுத்த பெயரை எழுதி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். வெள்ளை ஸ்ட்ராவில் வெள்ளைத் திருநீறு கண்ணுக்குத் தெரியாது. சொம்புக்குள் கை போனால் விரலுக்குத் தெரியும், பொருக்குப் பொருக்காக. என் விரலில் திருநீறு ஒட்டியிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் நம்பினார்கள்.

இரண்டாவது மாதம், அரிசிக் கிட்டங்கிக்குப் பின்னால் விடுதியில் தங்கியிருந்த ஒரு பையனை எடுத்தேன். ஆற்றுக்குக் கீழ்ப்பக்கத்து ஊர், அப்பா அம்மா கிடையாது. வாசலில் அவனுக்காக யாரும் நிற்கவில்லை. பெயரைப் படித்தபோது யாரும் அழவில்லை. நின்றிருந்த அம்மாக்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மூச்சுவிட்டார்கள். அந்த மூச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு கோவில் மணிக்குச் சமானம். அடுத்த மாதமும் அதே விடுதியில் ஒருவன். அதற்கடுத்த மாதம் மாமன் வீட்டில் தங்கிக்கொண்டு, மாமனுக்கே வேண்டாதவனாக இருந்த ஒருவன். ஒவ்வொருவனுக்கும் கிளம்பும் நாளில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் ஒரு டப்பா தைலமும் கொடுத்தேன். மலைப்பக்கம் குளிரும் அல்லவா? மாமன் வீட்டுப் பையன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவர்களில் யாரிடமிருந்தும் கடிதமோ போனோ வந்ததாகத் தெரியவில்லை. எழுதினால் யாருக்கு எழுதுவார்கள்? ஆள் இல்லை என்பதால்தானே எடுத்தேன்.

ஐந்தாம் மாதப் பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள். அதில் கணேஷ்குமார் பெயர் இருந்தது. பிரேம்நாத் பெயரும் இருந்தது.

பிரேம்நாத்தை உங்களுக்குத் தெரியும். புயல் வருஷத்தில், கியாக்தான் ஊருக்குத் தெற்கே இருந்த அவன் வீடும் பெற்றவர்களும் தண்ணீரோடு போனபோது அவனுக்கு இரண்டு வயது. யாரோ கொண்டுவந்து கோவிலில் விட்டார்கள். என் வீட்டுக்காரி மங்கலம் அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. நம் வீட்டுச் சோற்றில்தான் வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது குடும்பப் பட்டியலில் அவன் பெயரை எழுதியது நான்தான். உறவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அதிகாரி கேட்டார். பொய் சொல்லக்கூடாதே என்று "உறவில்லை" என்று எழுதச் சொன்னேன்.

பட்டியல் வந்த அன்று கோவிலுக்குப் போனேன். கணேஷ் தப்பித்தால் தலைமுடி இறக்குவதாக அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. பிறகு பட்டியலை மறுபடியும் படித்தேன். விடுதிப் பையன்கள் யாரும் அதில் இல்லை. பதினொரு பேருக்கு அம்மா இருந்தாள். இல்லாதவன் ஒருவன்தான். மூன்று மாதமாக ஊரார் பிள்ளைகளுக்கு ஒரு விதியை வைத்துவிட்டு, என் வீட்டில் வளர்ந்தவன் என்பதற்காக அதை மாற்றினால் அது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருந்தால் கணேஷ் பெயர் வருவதற்குப் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வாய்ப்பு. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பங்கு என்பது சின்ன அளவு என்று, பெற்றவன் அல்லாத ஒருவனால்தான் சொல்ல முடியும்.

சீட்டெடுக்கும் காலையில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் குழலில் சீட்டை வைத்துக்கொண்டே அவர்கள் பேசுவதைக் கேட்டேன்.

"உன் பேரு வந்தா அந்தப் புது போனு எனக்குடா," என்றான் கணேஷ்.

"உன் பேரு வந்தா உன் பங்கு மீன் எனக்கு. பெரியம்மா எப்பவும் உனக்குத்தான் நடுத்துண்டு வைக்கிறாங்க. நான் பத்து வருஷமா வாலுதான் திங்கறேன்."

"வாலுக்கு வாலு."

"போடா பன்னி." பிரேம்நாத் என் பக்கம் திரும்பினான். "பெரியப்பா, நல்ல பேராப் பாத்து எடுங்க. இவன் பேரு வேணாம், இவன் குறட்டையில பட்டாளமே தூங்காது."

பெஞ்சில் இருந்த பர்மாப் பையன்களுக்கு யாரோ அதை மொழிபெயர்த்துச் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது திருநீறு காய்ந்துகொண்டிருந்தது.

சொம்புக்குள் கையை விட்டேன். முதலில் பட்டது வழவழப்பான குழல். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பொருக்குத் தட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன் என்று நினைக்கிறேன். குமாஸ்தா இருமினார். எடுத்துக் கொடுத்தேன்.

பெயரைப் படித்ததும் பிரேம்நாத் காதிலிருந்து இயர்போனைக் கழற்றி, கணேஷின் மடியில் வைத்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவன் நினைத்தது போலத்தான் இருந்தது.

"சாமி படிச்சிருச்சு போல, பெரியப்பா," என்றான்.

வாசலில் அம்மாக்கள் மூச்சுவிட்டார்கள். ஆனால் நடுவில் ஒரு சத்தம் கேட்டது. யாரோ நெஞ்சில் அறைந்துகொள்கிற சத்தம். திரும்பிப் பார்த்தால் மங்கலம். அவள் கணேஷுக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் அழுவதை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. அது என் கவனக்குறைவு. ஒப்புக்கொள்கிறேன்.

அவனுக்கு இரண்டு ஜோடி காலுறை கொடுத்தேன். மற்றவர்களுக்கு ஒன்றுதான். போன புதிதில் ஒரு முறை பேசினான். காலுறை சரியாக இருக்கிறது என்றான். மீன் எப்படி இருந்தது என்று கணேஷிடம் கேட்டான். அதன் பிறகு மூன்று மாதமாகப் போன் இல்லை. அவன் வேலை பார்த்த போன் ரிப்பேர் கடை க்யிம்யிண்டைங் சந்தையில் இருக்கிறது. மங்கலம் தினமும் காலையில் பஸ் ஏறி அங்கே போய், கடை நம்பருக்கு ஏதாவது வந்ததா என்று கேட்டுவிட்டு வருகிறாள். மீன் வாங்குவதில்லை. என்னோடு அதிகம் பேசுவதும் இல்லை. கணேஷ் அந்த இயர்போனின் ஒரு பக்கத்தை மட்டும் மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கிறான். காலம் ஆற்றும். நான் இருவருக்கும் சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்கிறேன். சின்ன உதவிகள்தான் வீட்டைத் தாங்கும்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் இளகிய மனசுக்காரர். முதல் மாதமே கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட்டு ஒரு கமருன்னிசாவைப் பார்த்துவிடாதீர்கள். உங்கள் சின்னவனுக்கு வரும் சித்திரையில் பதினெட்டு முடிகிறது என்று கேள்விப்பட்டேன். இந்தக் காகிதத்தோடு ஒரு பொட்டலம் திருநீறு வைத்திருக்கிறேன். கடையில் விற்பது வேண்டாம், அது காய்ந்ததும் உதிர்ந்துவிடும். இது நம் கோவில் திருநீறு. ஒட்டும்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அதையும் போன செவ்வாய்க்கிழமை முடித்துவிட்டேன். உச்சிப் பூஜை முடிந்து நடை சாத்தியிருந்தது. பூசாரி சாப்பிடப் போயிருந்தார். ஆள் வைத்து மொட்டை போட்டால் எதற்கு என்று கேட்பார்கள், மங்கலத்தின் காதுக்கும் போகும். அதனால் கோவிலுக்குப் பின்னால் இருக்கிற குழாயடியில் உட்கார்ந்து, தலையை நனைத்து, நானே சவரக்கத்தியால் வழித்துக்கொண்டேன். அறுபத்தாறு வயதில் இருப்பது கொஞ்சம் முடிதான். பின்மண்டையில் இரண்டு இடத்தில் வெட்டிவிட்டது. முடியைக் காகிதத்தில் மடித்து அம்மன் வாசற்படியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாரும் பார்க்கவில்லை. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். தெய்வத்தின் கடனை வைத்துக்கொண்டு நான் சாக விரும்பவில்லை.

வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே ஆச்சரியம், அண்ணே. சொம்புக்குள் பன்னிரண்டு குழல், எல்லாம் ஒரே மாதிரி. அத்தனையிலும் என் பிள்ளையை மட்டும் அம்மன் எப்படி அடையாளம் கண்டு விட்டுவைத்தாள்?