பதினேழில் ஒன்று குறைந்தது

காலை ஏழு பத்து. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில், முன் இருக்கை இளைஞர் மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பக்கத்து நண்பரிடம் சொன்னார்.

"லைப்ரரி சாஃப்ட்வேர்ல நம்ம போட்ட திருத்தம் பதினேழுல ஒண்ணைத் தூக்கிட்டேன் மச்சான். தமிழ்ல புக்கு தேடுறதுக்குப் போட்டோமே, அத."

"அடப்பாவி! இன்னிக்கி காலேஜ் லைப்ரரில புது வெர்ஷன் போடணும். போன தடவ மாதிரி தமிழ்ல தேடி புக்கு வரலன்னா மானம் போயிடும்."

"போன தடவ அத உருவாக்குன வெளிநாட்டுக்காரங்க கோடு மேலயே எழுதுனேன், புது வெர்ஷன் வந்து அழிச்சிடுச்சு. அவுங்ககிட்ட இருக்குற மூலக் கோட நம்மளால படிக்கத்தான் முடியும், அங்க போயி மாத்த முடியாது. இப்ப நம்ம திருத்தத்தத் தனியா வச்சிருக்கேன். புதுசு எறங்குனதும் அதுமேல ஒவ்வொண்ணா போடுவேன்."

"அப்ப அத ஏன் தூக்குன?"

"அந்தத் திருத்தத்த அவுங்களுக்கு மெயில்ல அனுப்புனேன்ல? புது வெர்ஷன்ல அவுங்களே சேத்துட்டாங்க. பாரு, எழுதுனவங்க பட்டியல்ல என் பேரு."

நண்பர் மடிக்கணினியை வாங்கிக்கொண்டார். சிதம்பரம் வரை திருப்பிக் கொடுக்கவில்லை.