என் கை பட்டாதான் ஏறுதாம்

…மிஷின்லதான் கோளாறுன்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் அண்ணே, ஒருத்தர் காதுல வாங்கணுமே! கையை நீட்டுங்க. அந்தக் கை இல்ல, இந்தக் கை. சட்டையை மேல சுருட்டுங்க. உங்க கடைல நீங்களே தைச்சதா? அதான் முழங்கையைத் தாண்ட மாட்டேங்குது. ஆங்… விடுங்க, வந்துருச்சு. பட்டையைச் சுத்திட்டேன். காலு மேல காலு போடாதீங்க. பேசவும் கூடாது. மிஷின் ஓடுறப்ப பேசினா பிரஷர் ஏத்திக் காட்டும். நான் பேசுறேன், நீங்க சும்மா கேளுங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், மிஷின். நேத்து டாக்டரம்மா கூப்பிட்டு விட்டாங்க. "சிஸ்டர், காலைல நீங்க பாக்குறவங்களுக்கெல்லாம் பிரஷர் எகிறுது. அதே ஆளை மத்தியானம் சின்ன சிஸ்டர் பாத்தா ஒழுங்கா இருக்கு. எப்படி?"ங்குறாங்க. எப்படின்னா? நான் என்ன ஊசில ஏத்தி உள்ள தள்ளுறேனா? "மிஷினை மாத்திக் குடுங்கம்மா"ன்னேன். மாத்தினாங்க. என்னோடது அந்தப் பொண்ணுக்கு, அவளோடது எனக்கு. என் மிஷின் அங்க போனதும் பரமசாது ஆயிருச்சு. அவ மிஷின் இங்க வந்ததும் பேயாட்டம் ஆடுது. மிஷினுக்குக்கூட ஆள் பாத்து நடந்துக்கத் தெரியுது பாருங்க!

இன்னிக்கு ஒரு நாள் பாப்பாங்களாம். இன்னிக்கும் இப்படியே இருந்தா நாளைலேருந்து நான் மருந்து ஸ்டோருக்குப் போகணுமாம். ஸ்டோரைப் பாத்திருக்கீங்களா? மாடிப்படிக்குக் கீழ. ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு ட்யூப்லைட்டு, அதுவும் நாள் பூரா கண்ணடிச்சுக்கிட்டே இருக்கும். சுத்தியும் அட்டைப் பெட்டி. பஞ்சு, கையுறை, குளுக்கோஸ் பாட்டில். அந்தப் பெட்டிகிட்டப் போய், "ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?"ன்னா கேக்க முடியும்?

இருங்க, மிஷின் மணி அடிச்சிருச்சு. எவ்வளவு… அடக் கடவுளே! நூத்தி எழுபத்தி ரெண்டு! என்னண்ணே இது? போன தடவையும் இதே கதை, அதுக்கு முந்தின தடவையும் இதே கதை. பிரஷர் எறங்காம இப்படியே போனா உங்க கண்ணுல கத்தியே வைக்க மாட்டாங்க. கண்ணுப் பொரை முத்திப்போய் நீங்க பாட்டுக்கு துணிக்குப் பதிலா உங்க விரலைச் சேத்துத் தைக்கப் போறீங்க. சிரிக்காதீங்க. இதோ, நான் போட்டிருக்கிறது நீங்க தைச்ச யூனிஃபார்ம்தானே? இந்தப் பாக்கெட்டு எங்க இருக்கு, அந்தப் பாக்கெட்டு எங்க இருக்கு? ஒண்ணு மேல ஏறி எட்டிப் பாக்குது, இன்னொண்ணு இடுப்புல தொங்குது. சின்ன சிஸ்டர், "அக்கா, புது ஃபேஷனா?"ன்னு கேக்குறா. ஆமான்னு சொல்லிட்டேன். உங்களை விட்டுக்குடுக்க முடியுமா?

உப்பைக் கொறைக்கச் சொன்னேனே, கொறைச்சீங்களா? தலைய இப்படியும் ஆட்டாம அப்படியும் ஆட்டாம நடுவுல ஆட்டினா எப்படி? அண்ணிகிட்ட சண்டை போட்டுட்டு வந்தீங்களா? சரி, அது உங்க வீட்டு விஷயம், எனக்கெதுக்கு. என்ன சண்டை?… சரி, சொல்ல வேணாம்.

கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பாக்கலாம். மனசை லேசா வச்சுக்குங்க. ஆபரேஷன்னா ஒண்ணுமே இல்லண்ணே. உள்ள போறது தெரியாது, வெளிய வர்றது தெரியாது. பயமே வேணாம். ஒரே ஒருத்தருக்குத்தான், ஒரு போஸ்ட்மாஸ்டர், நடுவுல அவருக்குத் தும்மல் வந்துருச்சு. கண்ணுக்குள்ள கருவி இருக்கு, இவரு 'ஹா… ஹா…'ன்னு மூக்கை விடைக்கிறாரு! டாக்டரம்மா கை அப்படியே நிக்குது… நான் போய் மூக்கைப் புடிச்சேன். இல்லன்னா என்ன ஆகியிருக்கும்! அதெல்லாம் நீங்க நெனைக்காதீங்க. உங்களுக்குத் தும்மல் வராதுல்ல? ஏன் மூக்கைத் தடவுறீங்க?

கையை வைங்க. இன்னொரு தடவை அமுக்கறேன். நீங்க வாயைத் தெறக்காதீங்க.

எல்லாரும் கேப்பாங்க, உனக்கெதுக்கு இந்த அரைநாள் வேலைன்னு. இங்க முழுநாள் வேலை பாக்குறவங்க என்னை 'அரை டிக்கெட்'டுன்னுதான் கூப்பிடுவாங்க. அரைச் சம்பளம், ஆனா கால் வலி மட்டும் முழுசா. காசுக்காக வரலண்ணே. வீட்டுல என்ன இருக்கு? ரிட்டயர் ஆனதுலேருந்து அவரு பேப்பருக்குப் பின்னாடிதான் குடியிருக்காரு. நான் பத்து வார்த்தை சொன்னா அங்கேருந்து ஒரு 'ம்' வரும். சந்தோஷத்துக்கும் 'ம்', சாவுக்கும் 'ம்'. ஒரு நாள், "பக்கத்து வீட்டுல தீப்பிடிச்சிருச்சுங்க"ன்னு சும்மா சொல்லிப் பாத்தேன். 'ம்'! எங்க வீட்டு ஃப்ரிட்ஜாவது அப்பப்ப 'கடமுட'ன்னு நாலு வார்த்தை பேசும். பையன் இருக்கான், ரெண்டு காதுலயும் எதையோ சொருகிக்கிட்டு. நான் வாயசைச்சா ஒரு பக்கம் கழட்டி, "என்னம்மா?"ம்பான். ஒரு காதை மட்டும் பாத்து என்னத்தைச் சொல்ல? ஒண்ணுமில்லடான்னுருவேன்.

இங்க வந்தாத்தான் மனுஷங்க. பட்டையைச் சுத்திட்டா யாரும் எழுந்து போக முடியாதுல்ல… அதைச் சொல்லல, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வந்துருச்சு… நூத்தி எழுபத்தி எட்டா! ஏறுதே! அண்ணே, என் வேலைக்கு நீங்களே உலை வச்சிருவீங்க போலிருக்கே!

என்ன கையைக் காட்டுறீங்க? சுவத்துலயா? ஆமா, 'பிரஷர் பாக்கும்போது பேசக் கூடாது'. நான் ஒட்டினதுதான் அது. அதான் நீங்க பேசலையே. என்னையா? நான் எதுக்கு? அது உங்களுக்குண்ணே! பட்டை உங்க கையிலதானே இருக்கு, என் கையிலயா இருக்கு?

இந்த மிஷினை நம்பி புண்ணியமில்ல. நாடியைக் கையால எண்ணிப் பாக்குறேன். மணிக்கட்டைக் குடுங்க. இதுக்கு ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும், நடுவுல என்னைக் கூப்பிட்டுறாதீங்க, விட்டுப்போயிரும்.

……

……

ம். நாடி நல்லாத்தான் ஓடுது. கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். இன்னொரு நிமிஷம் எண்ணிப் பாக்குறேன். மிஷினும் அது பாட்டுக்கு ஓடட்டும்.

……

……

என்னது! நூத்தி முப்பத்தி நாலு? அண்ணே, என்ன பண்ணீங்க? மூச்சைப் புடிச்சீங்களா? பிரஷர் மாத்திரை ஏதாவது பாக்கெட்டுல வச்சிருந்து முழுங்கினீங்களா? இல்லையே, நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன். நான் எண்ணிக்கிட்டு… நான்…

இருங்க. இருங்க இருங்க. மறுபடி அமுக்கறேன். இப்ப நான் பேசிக்கிட்டே இருக்கேன், பாப்போம். எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி இருக்காங்களே, அவங்க வந்தா ரெண்டு நாள் இருக்கேன்னு வந்து ரெண்டு மாசம் இருப்பாங்க, போறப்ப என் நல்ல குடையை எடுத்துட்டுப் போயிருவாங்க, கேட்டா என்னுதும் இதே மாதிரிதான்ம்பாங்க… அறுபத்தி ஆறு. நூத்தி அறுபத்தி ஆறு.

இப்ப எண்ணுறேன்.

……

……

நூத்தி முப்பத்தி ரெண்டு.

ஐயோ.

ஐயோ அண்ணே! அப்போ இத்தனை நாளா இத்தனை பேரு… பிரஷர் இருக்குன்னு சொல்லிச் சொல்லி உப்பில்லாமச் சாப்பிட வச்சேனே! அந்த பேங்க் மேனேஜரு, பாவம், ஊறுகாயையே விட்டுட்டாரு. உங்களை ரெண்டு தடவை திருப்பி அனுப்பினேனே! நீங்களாவது சொல்லக் கூடாதா? ஓ… பேசக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன்.

சிரிங்க, சிரிங்க. சிரிச்சா ஒண்ணும் ஏறாது.

டாக்டரம்மாகிட்டப் போய் நானே சொல்லிடறேன். இவங்களையெல்லாம் திரும்ப வரவச்சுப் பாக்கணும்ல? மிஷின் நல்ல மிஷின், சிஸ்டருக்குத்தான் கோளாறுன்னு சொல்றேன். ஒரு வாரம் குடுங்கம்மா, வாயைத் தெறக்காமப் பாக்குறேன், அப்பவும் ஏறினா ஸ்டோருக்கு அனுப்புங்கன்னு கேக்கப்போறேன். குடுப்பாங்க, நல்ல மனுஷி. ஆனா என்னால முடியுமான்னுதான் தெரியல அண்ணே. வீட்டுலயும் மூடிக்கிட்டு இங்கயும் மூடிக்கிட்டா, அப்புறம் எங்க போய்த் தெறக்குறது?

ஏன்… அரைநாள் வேலைதானே? இன்னொரு அரைநாள் என்னுதுதானே! டூட்டி முடிஞ்சதும் வீட்டுக்கு ஏன் ஓடணும்? மேல வார்டுல ஆபரேஷன் முடிஞ்சவங்க எத்தனை பேரு மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு சும்மா படுத்திருக்காங்க! ஒருத்தர்கிட்ட பத்து நிமிஷம் உக்காந்து பேசினா என்ன? பட்டை கிடையாது, மிஷின் கிடையாது. உங்ககிட்டதான் மொதல்ல வருவேன். கண்ணுல கட்டுப் போட்டிருப்பாங்க, நீங்க எழுந்து ஓடவும் முடியாது. அந்தப் போஸ்ட்மாஸ்டர் தும்மினதுக்கப்புறம் நடந்த கதையைப் பொறுமையாச் சொல்றேன்…

அட, பட்டையைக் கழட்டலையா? நான் எதையும் அமுக்கலையே, கை பட்டிருச்சா? எவ்வளவு… ஐயையோ, நூத்தி எண்பதா! சரி சரி, வரல, நான் வரலண்ணே! அண்ணி பக்கத்துல இருந்தா மட்டும் எட்டிப் பாக்குறேன், போதுமா?

கழட்டியாச்சு. சட்டையை எறக்கி விட்டுக்குங்க. நூத்தி முப்பத்தி ரெண்டுன்னு எழுதி, பேசாம எடுத்ததுன்னும் எழுதிட்டேன். உங்களுக்குத் தேதி குடுத்துருவாங்க. அடுத்த ஆளை நான் கையைக் காட்டியே கூப்பிட்டுக்கறேன்.

என்னண்ணே, வாசல்ல நின்னுக்கிட்டு வாயைத் தெறக்குறீங்க? நன்றியெல்லாம் சொல்லிடாதீங்க. நீங்க ஒண்ணு சொன்னா நான் பத்து சொல்லுவேன். உஷ்… போங்க.