வெள்ளைத் துணியில் மருதாள் ஒட்டிய அம்பு

நான் பேசி முடிப்பதற்குள் மூன்று முறையாவது கடிகாரத்தைப் பார்க்கப் போகும் இந்தக் கூட்டத்தின் தலைவர் குருசாமி ஐயா அவர்களே! பெருமாநல்லூரின் பெருமை காக்கும் பெரியோர்களே! ஷிப்டு முடித்த களைப்போடு நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! உங்கள் ஷைமாவின் வணக்கம்.

தொலைதூர விண்மீன் திரள்களைப் பற்றி முழங்கத்தான் வந்தேன். முழங்க முடியவில்லை. ஏன் முடியவில்லை? சொல்கிறேன்.

புனேயில் மூன்றாண்டு ஆராய்ச்சி. தொலைநோக்கி எடுத்த வானப்படங்களில் விண்மீன் திரள்களைத் தேடினேன், தேடித் தேடித் திரட்டினேன், திரட்டியதை எல்லாம் வட்டமிட்டேன். 'ஒன்றுகூட விடுபடவில்லை' என்று ஆய்வேட்டில் எழுதினேன். வருகிற திங்கட்கிழமை அதை ஒப்படைக்க வேண்டும்.

அந்தப் படங்களை நம் மக்களும் பார்க்கட்டுமே என்று, அண்ணன் முபாஷிரின் பிரிண்டிங் பட்டறையில் வெள்ளைப் பனியன் துணியில் அச்சடித்து, இந்தக் கண்காட்சியை வைத்தேன். வானம் வெள்ளை, விண்மீன் கறுப்பு. சிரிக்காதீங்க, ஆராய்ச்சிக்கு அப்படித்தான் பார்ப்போம்.

இன்று காலை உள்ளே நுழைகிறேன். ஐயோ! முதல் துணியில் பதினோரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்! பனியனில் கறை இருந்தால் செக்கிங்கில் ஒட்டுவார்களே, அதே அம்பு! ஒட்டியவர், கம்பெனியில் செக்கிங் பார்க்கும் மருதாள் அக்கா. கையில் ஸ்டிக்கர் ரோல். "கறைத் துணிய மாட்டி வெச்சுட்டீங்களே கண்ணு! பளிச்சுனு இருக்கற புள்ளியும் வட்டம் போட்டதும் டிசைனுங்க. வட்டமில்லாத அழுக்குக்குத்தானுங்க ஒட்டுனேன்" என்றார்.

நான் என்ன செய்தேன்? கத்தினேன். அத்தனை பேர் முன்னால், "படிக்காதவங்க கை வைக்கிற இடமா இது?" என்று கத்தினேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

ஸ்டிக்கர்களை உரித்தேன். பத்துக்கு அடியில் மெஷின் ஆயில், அசல் கறை! பதினோராவது? அது ஆயில் மாதிரி இல்லை. கணினியில் மூலப்படத்தைத் திறந்தேன். அடக் கடவுளே! அங்கேயும் அதே மங்கல்! என் பேராசிரியருக்கு அனுப்பினேன். மதியம் போன் வந்தது. "விண்மீன் திரள்தான் ஷைமா. உன் பட்டியலில் ஏன் இல்லை?"

ஏன் இல்லை? மூன்றாண்டு பார்த்த கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? பல நூறு கோடி ஆண்டு பயணித்து வந்த ஒளி, பட்டம் படித்த என்னிடம் பிடிபடாமல், பனியன் பார்க்கும் அக்காவிடம் பிடிபட்டதே! கை தட்டாதீங்க! தட்டுகிற விஷயமா இது? நான் வெட்கப்பட வேண்டிய விஷயம்!

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க மாட்டேன். ஆறு மாதம் தள்ளிப் போகுமாம், போகட்டும். பொய்யைக் கொடுத்துப் பட்டம் வாங்க மாட்டேன்.

மருதாள் அக்கா! கடைசி வரிசையில் இருக்கீங்க, பார்த்துட்டேன். கத்தியது ஊர் முன்னால், மன்னிப்பும் ஊர் முன்னால்தான். தப்பு என்னுதுங்க, மன்னிச்சுக்குங்க. என்னங்க அக்கா? சத்தமாச் சொல்லுங்க!

கேட்டீர்களா சபையோரே? "இன்னும் நாலு துணி பாக்கவே இல்லீங்களே கண்ணு, அதுக்குள்ள தொரத்தி உட்டுட்டீங்களே" என்கிறார்!

பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். டியூப்லைட்டைப் போடுங்கப்பா. வாங்க அக்கா, பாத்துரலாம்.