மூடிய குழாய், மூடாத வாய்

அவைக்குத் தலைமை தாங்கும் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே! நோயோடு நாளெல்லாம் மல்லுக்கு நிற்கும் செவிலியச் செல்வங்களே! தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே காத்திருந்து கண் பூத்துப்போன பெரியோர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அவர்கள் நடுவே, 'இந்த மனுஷன் என்ன உளறப் போறாரோ' என்று கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருக்கும் என் மனைவியே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் ஒலிபெருக்கிக் கடைக்காரன். மற்றவர் முழங்க மைக் கட்டியே முடி நரைத்தவன். 'ஹலோ, மைக் டெஸ்ட்' என்பதற்கு மேல் மேடையில் பேசி அறியாதவன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். சிரிக்கவும் மூச்சு வேண்டுமே! போன மழைக்காலத்தில் அந்த மூச்சே எனக்கு இரவலாகத்தான் கிடைத்தது. நுரையீரலில் கிருமி. வாயில் சுவாசக் குழாய், மூக்கில் உணவுக் குழாய், கை நரம்பில் சொட்டுச் சொட்டாக இன்சுலின். கண் திறவா உறக்கத்தில் என்னைக் கிடத்தியிருந்தார்கள். ஆகவே நான் சொல்லப்போவது நான் கண்டதல்ல. என் மனைவி கண்டது. அவளே சொல்லச் சொன்னது.

நான் பழைய சர்க்கரைக்காரன். பக்கத்துக் கட்டிலில், சாரத்திலிருந்து விழுந்த இளங்கொத்தனார் ஒருவர். சர்க்கரை நோய் அவர் பரம்பரையிலேயே இல்லை. அவருக்கும் இன்சுலின் ஏறுவதைக் கண்டு அவருடைய அண்ணன் கொதித்தார்.

"என் தம்பிக்குச் சர்க்கரையே கிடையாது! பக்கத்து பெட்டுக்காரருக்குப் போட வேண்டியத இவனுக்கு ஏத்துறீங்களா?"

தலைமை மருத்துவர் அம்மா அவரை உட்காரவைத்துச் சொன்னாராம்: "இங்க பாருங்கப்பா. உயிருக்கு ஆபத்துன்னா உடம்பு இருக்குற சர்க்கரையெல்லாம் ரத்தத்துல கொட்டிரும். சர்க்கரை நோய் இருக்கா இல்லையான்னு பார்க்காது. ரொம்ப ஏறினா புண்ணு ஆறாது, கிருமிக்குக் கொண்டாட்டம். அதுக்காக ஒரேயடியா இறக்கவும் மாட்டோம். இறங்கிப் போனா மூளைக்கே ஆபத்து. மயக்கத்துல கெடக்குறவரு 'தலை சுத்துது'ன்னு வாய் திறந்து சொல்லுவாரா?"

அண்ணன் அடங்கிவிட்டார். ஆனால் என் வீட்டம்மா? பேச்சின் முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள். என் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள். நூற்று எழுபது என்றார் செவிலியர். வீட்டில் அந்த எண் வந்தால், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தட்டு பாதியில் பறிபோகும்!

"இவருக்கு இப்போ இது சரிதாம்மா. பார்த்துத்தான் வெச்சிருக்கோம்" என்றார் செவிலியர். மனம் கேட்குமா? கட்டியவள் மனம் கேட்குமா? மூக்குக் குழாயில் பால்போல உணவு இறங்கிக்கொண்டிருந்தது. செவிலியர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பியதும், அந்தக் குழாயின் திருகை மூடிவிட்டாள். உணவு நின்றது. இன்சுலின் நிற்கவில்லை! வரத்து நின்ற தொட்டியில் மடை மட்டும் திறந்திருந்தால் என்ன ஆகும்?

நெடுநேரம் போனது. என் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. கை சில்லிட்டது. வீட்டில் சர்க்கரை இறங்கும்போதெல்லாம் வரும் அதே வியர்வை. தான் செய்தது இன்னதென்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

பெரியோர்களே, எண்ணிப் பாருங்கள்! அவள் மூடியதை எவரும் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் திருகைத் திறந்துவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல் உட்கார்ந்திருக்கலாம். இனி உள்ளே விடமாட்டார்களே என்ற அச்சம் இல்லையா? உறவெல்லாம் ஏசுமே என்ற கூச்சம் இல்லையா? புருஷனைக் கொன்றவள் என்ற பெயர் வாசலிலேயே காத்திருக்கவில்லையா? அத்தனையும் இருந்தன. இருந்தும் கத்தினாள்!

"சிஸ்டர், ஓடியாங்க! சாப்பாட்டுக் குழாய நான்தான் மூடினேன்! இவருக்குச் சர்க்கரை இறங்குது!"

செவிலியர் ஓடிவந்தார். விரலில் குத்திப் பார்த்தால், நாற்பது! இன்சுலினை நிறுத்தினார், நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். மருத்துவரும் வந்து, எண் ஏறி என் நாடி நிலைக்கும்வரை அருகிலேயே நின்றார்கள்.

"நல்லதுன்னு நினைச்சுத்தாம்மா பண்ணினேன்..." என்றாள் இவள்.

"தெரியும்மா. வெட்கப்பட்டு வாய மூடிட்டு இருந்திருந்தா இவர நாம இழந்திருப்போம்" என்றார் அந்தச் செவிலியர். ஒரு சுடுசொல் சொல்லவில்லை.

என்ன ஐயா, பின்வரிசையில்? கொத்தனார் என்ன ஆனாரா? பிழைத்தார்! உடம்பு தேறியதும் சர்க்கரை தானே அடங்கியது, இன்சுலினும் நின்றது.

ஆகவே உறவுகளே, அன்பு இருக்கிறது என்பதற்காக அவசரப்படாதீர்கள். தொடுவதற்கு முன் கேளுங்கள்! தொட்டுவிட்டால் சொல்லுங்கள்! உடனே சொல்லுங்கள்! உரக்கச் சொல்லுங்கள்! செவிலியச் செல்வங்களே, சொல்ல வருகிறவரைச் சொல்லால் சுட்டுவிடாதீர்கள். இன்று அவர் வாயடைத்தால், நாளை ஓர் உயிர் அடங்கும்.

பேச இடம் தந்த தலைவருக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி.

இன்னும் ஒருவர் பாக்கி. வீடு திரும்பிய நாள் முதல், 'நான் உங்களக் கொல்லப் பார்த்தவ' என்று இவள் என் முகம் பார்க்க மறுக்கிறாள். இத்தனை பேர் அறியச் சொல்கிறேன்: கொல்லப் பார்த்தது உன் பயம். என்னைக் காத்தது உன் உண்மை. வீட்டில் ஒருநாளும் உனக்கு நான் கைகூப்பியதில்லை; இதோ, இப்போது கூப்புகிறேன். குனிந்தது போதும். நிமிர்ந்து என்னைப் பார், அம்மா. வணக்கம்.